எங்கட ஆக்கள் இல்லாத ஊர்

அக்காவுக்குக் கோபம் வரப்போகிறது என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இடது கையிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைப்பார். முகம் மேலே பார்க்க, வார் இரண்டும் இரண்டு பக்கமும் ஒழுங்காக விரிய, சத்திரசிகிச்சைக்குக் கத்தி எடுத்து வைப்பதுபோல வைப்பார். அதற்குப் பிறகு எதிரே இருப்பவர் டொக்டராக இருந்தாலும் கோயில் தர்மகர்த்தாவாக இருந்தாலும் தப்ப முடியாது.

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சேலைக்கடைக்கு மேலே முதலாம் மாடியில் எங்கள் டிக்கெட் கந்தோர். இரண்டு மேசை. ஒன்றில் அக்கா, கூடப்பிறக்காவிட்டாலும் எல்லாருக்கும் அக்கா. மற்றதில் நான். வருகிறவர்களுக்கு அக்கா விமான டிக்கெட் போடுவார், நான் பகிடி விடுவேன். பதினாறு வருசம் இப்படித்தான் அந்தக் கந்தோர் ஓடியது. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் என்பது அவருடைய நிரந்தரக் கோபங்களில் ஒன்று. அதில் நியாயம் இருந்தபடியால் நான் அதைப்பற்றி ஒருநாளும் பகிடி விட்டதில்லை.

விமானக் கம்பனிக்காரரோடு இங்கிலிஷில் கோபிப்பார். கந்தோர்க் கரண்ட் பில்லைத் தப்பாகப் போட்டவனோடு சிங்களத்தில் கோபிப்பார். "மல்லி", அதாவது தம்பி, என்றுதான் அன்பாகத் தொடங்குவார். முடிக்கும்போது அந்த மல்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருப்பான். எங்களோடு தமிழ். தமிழ்க் கோபத்தில் மட்டும் சத்தம் இருக்காது. அதுதான் மூன்றிலும் மோசமானது.

இரண்டு வருசத்துக்கு முதல் அவரைப் பொரளைச் சுடலையில் எரித்தோம். அங்கே என் பக்கத்தில் நின்ற ஒருவர், டிக்கெட்டுக்கு வந்து அக்காவிடம் நல்லாக வாங்கிக் கட்டியவர், பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "குடுத்து வைச்ச மனுசி. கலியாணம் கட்டாட்டியும் என்ன, சுவிஸ் எல்லாம் வடிவாப் பாத்திட்டா."

எனக்கு நெஞ்செல்லாம் பற்றி எரிந்தது. எரியூட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் அதுதான் உண்மை. அவர் சுவிஸைப் பார்க்கவில்லை. பார்க்கவிடாமல் செய்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். காலையில் சவரம் செய்யும்போது அவனைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அக்காவின் பெரிய கோபம் சாதாரண விசயத்தில்தான் வந்தது. ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்பார். "என்ன பாத்தனீங்கள்?"

ஒருமுறை ஓய்வுபெற்ற பாங்க் உத்தியோகத்தர் ஒருவர் மனைவியோடு வந்தார். பாரிசில் மகனோடு மூன்று மாதம் நின்றுவிட்டுத் திரும்பியவர்கள். அடுத்த வருசத்துக்கும் டிக்கெட் விசாரிக்க வந்திருந்தார்கள்.

"என்ன பாத்தனீங்கள் ஐயா?"

"எல்லாம் பாத்தம் பிள்ளை. மகன்ர வீடு பாத்தம். மருமகள்ட தமக்கை வீடு பாரிசுக்குப் பக்கத்தில லாக்கூர்னெவில, அதுவும் பாத்தம். பிறகு ஜேர்மனிக்குப் போய் என்ர தம்பி வீடு. நல்ல பெரிய வீடு."

"வீட்டைக் கேக்கேல்ல. ஊரைக் கேக்கிறன்."

"ஊர் கார்க் கண்ணாடிக்குள்ளால தெரிஞ்சதுதானே."

மனைவி கைகொடுத்தார். "ஈபிள் டவரும் பாத்தம் பிள்ளை. பார்க்கிங் இல்லையாம் எண்டு மகன் சுத்தி ஒரு ரவுண்ட் அடிச்சவன். எனக்கு இந்தப் பக்கத்துச் சீட். பாதி தெரிஞ்சது."

மணிக்கூடு மேசைக்கு வந்தது.

"ஐயா, உங்களுக்குப் பாரிசுக்கு டிக்கெட் போட்டது என்ர பிழை. தம்பிட வீட்டு விறாந்தைக்குப் போட்டிருக்கவேணும்."

நான் இடையில் விழுந்தேன். "அக்கா, அங்க பிளைட் இறங்காது."

ஐயா சிரித்தார். அம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் அடுத்த வருசமும் எங்களிடம்தான் வந்தார்கள். ஏச்சுப் பேச்சு என்ன விழுந்தாலும், அக்கா போட்ட டிக்கெட்டில் ஒரு எழுத்துப் பிழைகூட வந்ததில்லை. நான் போட்ட டிக்கெட்டில் ஒருமுறை ஒரு கிழவருக்கு 'மிஸ்' என்று போய்விட்டது. அவர் டுபாய்வரை மிஸ்ஸாகத்தான் போனார்.

அக்காவின் கோபம் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சாவகச்சேரிப் பக்கத்து அம்மா ஒருவர் நோர்வேக்குப் போய் வந்தார். அவரிடமும் அதே கேள்வி. அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மகன்ர முகத்தைப் பாத்தன் பிள்ளை, பத்தொம்பது வருசத்துக்குப் பிறகு" என்றார். அக்கா பாதி கழற்றியிருந்த மணிக்கூட்டைத் திரும்பக் கட்டினார். கீழே போய் அவரே தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தார். அன்று முழுக்க என்னோடும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. எனக்கு அது ஒரு சாதனை.

அவருக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று விளங்க, அவருடைய வீட்டைப் பார்த்திருக்கவேண்டும். கடற்கரைப் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி பிளட். ஒரேயொரு அறை. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் கனடாவில். கலியாணம் செய்யாதபடியால் தனிய இருக்கிறார் என்று ஊர் பேசியது. தனிய! யாழ்ப்பாணத்திலிருந்து பாஸ்போர்ட் எடுக்க, விசாவுக்குக் கைரேகை வைக்க, மெடிக்கல் செய்ய என்று கொழும்புக்கு வருகிற சொந்தக்காரர் அவ்வளவு பேரும் அந்த வீட்டில்தான் இறங்குவார்கள். லொட்ஜில் நின்றால் அக்கா குறை நினைப்பாவாம். அவர் குறை நினைக்க எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத்தான் தெரியும். விறாந்தையில் பாய். குசினியில் யாராவது புட்டு அவித்துக்கொண்டிருப்பார்கள். குளியலறை வாசலில் எப்போதும் யாரோ ஒருவர் துவாயோடு நிற்பார். இரண்டு கிழமை நின்று விசா கிடைத்துப் போவார்கள். போனவர்களின் பாய்ச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர்கள் பெல்லை அடிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கந்தோரில் மறந்துவிட்ட குடையை எடுக்கப் போனேன். பூட்டியிருக்கவேண்டிய கதவு திறந்திருந்தது. அக்கா தன் மேசையில் இருந்தார். கொம்பியூட்டர் போடவில்லை. மின்விசிறி போடவில்லை. சும்மா இருந்தார்.

"என்னக்கா, வேலையோ?"

"இல்ல."

"அப்ப?"

"ஒருத்தரும் இல்ல எண்டு வந்தனான். நீ வந்திட்டாய்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெளியில் மழை இல்லை. படியில் நின்று இதை யாருக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று யோசித்தேன். அப்படிப்பட்ட பிறவி நான்.

தான் தனியப் போய்ப் பார்க்க ஒரு ஊரை அவர் தேர்ந்தெடுத்த விதமும் அவருக்கே உரியது. இருபத்தெட்டு வருசம் டிக்கெட் போட்டவர். எங்களிடம் டிக்கெட் எடுத்தவர்கள் எந்த விமான நிலையத்தில் இறங்கி, எந்த ஊரில், யார் வீட்டில் போய் நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைக்குள் இருந்தது. ஐரோப்பாப் படத்தை விரித்து ஒரு ஊரில் விரலை வைத்தால், "இது எங்கட வதிரி டீச்சர்ட மூத்தவன் இருக்கிற ஊர்" என்பார். "இது கொட்டாஞ்சேனை நகைக்கடைக்காரர்ட மருமகன். இது மூண்டு குடும்பம், மூண்டும் கோவம்." அப்படி எல்லா ஊரையும் கழித்துக்கொண்டு வந்து கடைசியில் ஒரு ஊரைக் கண்டுபிடித்தார். சுவிஸில் சொலத்தூர்ன் என்று ஒரு சின்ன நகரம். அந்த ஊருக்கென்று எங்கள் கந்தோரில் ஒரு டிக்கெட்டும் போட்டதில்லை.

"அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல" என்றார். கடவுளைக் கண்டவர் மாதிரி முகம்.

"அக்கா, சுவிஸில எங்கட ஆக்கள் இல்லாத ஊரோ? தேடினா அங்கயும் ஒருத்தர் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருப்பார்."

"இருந்தா இருக்கட்டும். எனக்குத் தெரியாத ஆள்தானே."

அதற்குப் பிறகு அந்த ஊரைப்பற்றி வாசிக்கத் தொடங்கினார். ஆறு ஒன்று நடுவால் ஓடுகிறதாம். கார் போகாத கல்லுத் தெருக்களாம். அந்த ஊருக்குப் பதினொன்று என்ற இலக்கத்தில் ஒரு பைத்தியமாம். பதினொரு தேவாலயம். தெருவில் தண்ணீர் விழுகிற தொட்டி பதினொன்று. பெரிய கோயிலின் படிகள் பதினொன்று பதினொன்றாக ஏறுமாம். ஒரு கட்டடச் சுவரில் பெரிய மணிக்கூடு இருக்கிறதாம், அதில் பன்னிரண்டு என்ற இலக்கமே இல்லை. பதினொரு மணிக்கு அது ஒரு பாட்டு வாசிக்குமாம்.

"விடிய ரெயினில போய் இறங்கவேணும்" என்பார். "பதினொரு தொட்டியையும் நடந்து பாக்கவேணும். பதினொரு மணிக்கு அந்தப் பாட்டைக் கேக்கவேணும். பிறகு பேக்கரியில வாங்கின ஒரு பாணை ஆத்தங்கரையில திண்டுகொண்டு பின்னேரம்வரைக்கும் இருக்கவேணும். சாப்பிட்டாச்சோ எண்டு ஒரு நாய் கேக்கக்கூடாது."

இவ்வளவுதான் அந்த மனுசி கேட்டது. ஒரு நாள்.

ஒரு விமானக் கம்பனி எங்கள் கந்தோருக்கு இரண்டு சலுகை டிக்கெட் கொடுத்தது. ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. என் மச்சான் பேர்ணில் இருந்தான். அவனுடைய மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு, எனக்கு எப்படியும் போகவேண்டும். அக்காவுக்கு விசா எடுக்கத்தான் வழியில்லை. கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை, அங்கே உறவு இல்லை. நான் பெரிய மனிதனாக நெஞ்சை நிமிர்த்தி, மச்சானிடம் சொல்லி அவருக்கும் ஸ்பொன்சர் கடிதம் எடுத்துக் கொடுத்தேன். குடும்ப நண்பி, என் வீட்டில் தங்குவா, முழுப் பொறுப்பும் நானே என்று மச்சான் எழுதினான். விசா வந்தது. நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பாம்பைப் பெட்டியோடு கையில் கொடுத்தவன் நான்தான் என்று பிறகு விளங்கியது.

ஒன்பது நாள். எட்டு நாளும் அக்கா பார்த்தது குசினிகளை. மச்சான் வீட்டுக் குசினி. மச்சாளின் தங்கை வீட்டுக் குசினி. கோயில் மடப்பள்ளி. சாமத்தியவீட்டு மண்டபத்தின் பின்பக்கம், அங்கே அக்காவை வடை தட்ட விட்டார்கள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அன்பைப்போல ஒரு மனிதரை அசையவிடாமல் கட்டிப்போட வேறு கயிறு இல்லை. கொழும்பில் விமானக் கம்பனி மெனேஜரையே நடுங்கவைத்த மனுசி, பேர்ணில் "இன்னும் ஒரு கரண்டி போடட்டோ அக்கா" என்பதற்கு முன்னால் ஊமையாக இருந்தார். கடிதம் தந்த வீடு. உப்பும் சோறும் தந்த வீடு. மணிக்கூடு கையிலேயே இருந்தது.

எட்டாம் நாள் பின்னேரம் பல்கனியில் என்னைப் பிடித்தார்.

"நாளைக்குப் போறன்."

"எங்க?"

"எங்கயெண்டு உனக்குத் தெரியும். காலமை மச்சானும் மச்சாளும் வேலைக்குப் போனாப்பிறகு போவன். பின்னேரம் வந்திடுவன். உனக்கு மட்டும்தான் சொல்லுறன். கேட்டா, தெரியாது எண்டு சொல்லு."

"ஓமக்கா. நான் வாயைத் திறக்கமாட்டன்."

இந்த வாயைத்தான் சொன்னேன்.

காலையில் அவர் போய் அரை மணித்தியாலம் இருக்காது, மச்சான் திரும்பி வந்தான். எங்கள் கடைசி நாள் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். மச்சாளும் பின்னால் வந்தா. குசினிக்குள் நின்று கேட்டார்கள்.

"அக்கா எங்க?"

தெரியாது என்று சொல்ல ஒரு சொல் போதும். அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் நான் பகிடிக்காரன் அல்லவா. கதை கைக்குள் இருக்க அதை வைத்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியாது.

"அக்கா எங்களை எல்லாம் விட்டிட்டு பதினொரு புருசனைப் பாக்கப் போயிட்டா" என்றேன். அவர்கள் விழித்தார்கள். முழுக்கச் சொன்னேன். பதினொரு தொட்டி, பதினொரு மணி, ஆற்றங்கரைப் பாண், நாய் எல்லாம். நடித்துக்காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் மச்சாளின் முகம் மாறியது.

"தனியவோ? பாவம், தனியப் போயிருக்கிறா. நாங்கள் கூட்டிக்கொண்டு போகேல்ல எண்டு மனம் நொந்துதான் போயிருப்பா."

"என்ன வேலை பாத்தா!" என்றான் மச்சான். "நாளைக்குக் கொழும்பில போய், இவங்கள் ஒரு இடம் காட்டேல்ல எண்டு சொல்லமாட்டாவோ? எழும்பு."

இல்லை, அவ தனியப் போகத்தான் ஆசைப்பட்டவ என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொன்னேனா? ஒருமுறை, மெல்லமாக, சிரித்துக்கொண்டு. சிரித்துக்கொண்டு சொல்வதை யார் கேட்கிறார்கள்? அதற்குள் மச்சாள் முதல்நாள் ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கத் தொடங்கிவிட்டா. புட்டு, சம்பல், ஒரு பெரிய போத்தல் பிளேன்டீ. தங்கை குடும்பத்துக்கும் போன் போனது. இரண்டு கார். நான் முன்சீட்டில். வழி காட்டினவனும் நான்தான்.

அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்த மணிக்கூட்டுக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு கடதாசிப் பையில் பாண். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை; எதற்கும் தயாராக இல்லாத முகம். பதினொரு மணியாக இன்னும் மூன்று நான்கு நிமிசம் இருந்திருக்கும்.

"அக்கா!" என்று மச்சாள் சதுக்கத்தின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினா. "தனிய நிண்டு என்ன செய்யிறியள்? நாங்கள் பயந்துபோனம்!"

பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூழ்ந்தார்கள். மச்சான் படம் எடுக்க எல்லாரையும் நெருக்கி நிற்க வைத்தான். "அக்கா இங்கால, சின்னவன் முன்னுக்கு, ஆ, சிரியுங்கோ." பாட்டு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் சண்டை போட்டார்கள், மச்சாள் அதட்டினா, நான் ஏதோ பகிடி விட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். படத்தில் அக்காவும் இருக்கிறார்.

ஆற்றங்கரை வாங்கில் இருத்தி, கடதாசித் தட்டில் புட்டும் கறியும் போட்டார்கள். அக்கா சாப்பிட்டார். "சாப்பிட்டியளோ, வயிறு நிரம்பினதோ" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் "ஓம்" என்றார். கடதாசிப் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். பாண் முழுதாக இருந்தது.

"இதென்னக்கா ஊர், ஒண்டுமில்ல" என்றான் மச்சான். "வாங்கோ, உங்களுக்கு ரைன் அருவி காட்டுறன். அதுதான் பாக்கவேண்டிய இடம்."

காருக்குப் போகும் வழியில் அக்கா என் பக்கம் திரும்பினார். மச்சாளுக்குக் கேட்காத தூரத்தில் கேட்டார்.

"நாலு தொட்டி பாத்தனான். மிச்சம் எத்தினை?"

"ஏழு" என்றேன்.

"ம்" என்றார். காரில் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருந்தார்.

அவர் அன்றைக்கே என்னை ஏசியிருந்தால் நல்லது. கொழும்புக்கு வந்தும் ஏசவில்லை. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். புத்தி அப்படி. ஆறு மாதத்துக்குள் அந்தக் கதை என்னுடைய ஆகச் சிறந்த பகிடியாகிவிட்டது. கந்தோருக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன். கலியாண வீடுகளில் ஆட்கள் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, "அந்தப் பதினொரு மணிக் கதையைச் சொல்லு மச்சான்" என்பார்கள். புட்டுப் பெட்டி சதுக்கத்துக்குள் நுழைவதை நான் செய்துகாட்டும் இடத்தில் சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒருநாள் நான் புட்டுப் பெட்டியாக நடந்துகொண்டிருக்க, அக்கா படியேறி வந்துவிட்டார். கந்தோரில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் மேசையில் போய் இருந்து மணிக்கூட்டைக் கழற்றி வைத்தார்.

"இந்தக் கதையை எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டாய்?"

"அக்கா, அது சும்மா..."

"எத்தினை பேர்?"

"தெரியாதக்கா. கனபேர்."

"நான் ஒருத்தருக்குத்தான் சொன்னனான்" என்றார்.

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அவர் அன்று பின்னேரம்வரை டிக்கெட் போட்டார், ஒரு பிழையும் இல்லாமல்.

கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அவர் தனிய விசாவுக்குப் போட்டார். யாரையும் கேட்கவில்லை. ஹோட்டல் தானே பதிந்தார், ரெயின் தானே பதிந்தார். எங்கள் கட்டடத்துக்குக் கீழே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாதான் எனக்குச் சொன்னார்; அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. "ஒங்கட தாத்தா விசா ஃபாரம் கொப்பி எடுக்க வந்தா. சொந்தக்காரர் பேர் எழுதுற எடம் வெறுமையா ஈக்கி எண்டு சொன்னன். எழுத ஆளில்ல, எழுதவும் மாட்டன் எண்டு எனக்கு ஏசிட்டுப் போறா."

ஒரு மாதம் கழித்துப் பகல் நேரத்தில் படியேறி வந்தார். அவருடைய மேசையில் அப்போது பிரிண்டர் இருந்தது. அதைப் பார்த்தார். என் எதிரே டிக்கெட்டுக்கு வருகிறவர்களின் கதிரையில் அமர்ந்து ஒரு தாளை வைத்தார்.

"வாசி."

விசா இல்லை என்ற தாள். பயணத்தின் நோக்கத்துக்குக் காட்டிய காரணம் நம்பும்படி இல்லை என்ற இடத்தில் அடையாளம் போட்டிருந்தது.

"வயசும் ஒரு காரணமா இருக்கும் அக்கா. தனியாள் எண்டா அவங்கள்..."

"விளக்கம் கேக்கேல்ல. வாசி எண்டனான்." அவர் விரல் அந்த வரியில் நின்றது. "ஆக்கள் இருந்தாப் போகலாம், பாக்கேலாது. ஆக்கள் இல்லாட்டிப் பாக்கலாம், போகேலாது. அப்ப நான் எப்பிடி அந்த ஊரைப் பாக்கிறது? பகிடி விடுறவன்தானே நீ, சொல்லு."

"மச்சானிட்டத் திரும்பவும் ஒரு கடிதம் கேப்பமோ?" என்றேன்.

அவர் யன்னலால் காலி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேள்" என்றார். "ஒருத்தரும் வரக்கூடாது."

அவர் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்காவோ!" மச்சானுக்கு உண்மையான சந்தோசம். "வரச்சொல்லு, வரச்சொல்லு. கடிதம் இண்டைக்கே எழுதுறன்."

"கடிதம் மட்டும் போதும் மச்சான். அவ ஹோட்டல்ல நிப்பா."

"ஹோட்டல்லயோ? என்ர வீடு இருக்க? சனம் என்ன கதைக்கும்?"

"அவ அந்த ஊருக்குத் தனியப் போகவேணும். ஒரு நாள்."

"தனியப் போய் என்ன செய்யிறது?"

"பாக்கிறது."

"அதைத்தானே நானும் சொல்லுறன். நான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுறன். போனமுறை மாதிரி மச்சாள் சாப்பாடும் கட்டி..."

எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. நான் எழும்பி நின்றிருந்தேன்.

"நீ காட்டவேண்டாம்!" என்று கத்தினேன். "நீயும் வரவேண்டாம், உன்ர புட்டும் வரவேண்டாம்! ஒரு நாள், ஒரேயொரு நாள் அந்த மனுசியைத் தனிய விடுங்கோவன்! அவவுக்குப் பசிக்கேல்லயடா! அவவுக்கு ஒருத்தரையும் வேண்டாம்! உன்னையும் வேண்டாம், என்னையும் வேண்டாம்! விளங்குதோ உனக்கு?"

டிக்கெட்டுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்தபடி நின்றது. நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாக ஒரு மனிதரோடு கத்தினேன். கோபத்துக்குப் பயந்துதான் இவ்வளவு காலமும் பகிடி விட்டுத் திரிந்திருக்கிறேன் என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது.

"அண்டைக்கு லீவு போட்டு, ரெண்டு கார் பிடிச்சு வந்ததுக்கு இதுதானோ?" என்றான் மச்சான். குரல் உடைந்திருந்தது. "எங்களை வேண்டாம் எண்டா எங்கட கடிதம் மட்டும் என்னத்துக்கு? வேற ஆரிட்டயும் கேள்."

போன் நின்றுவிட்டது.

அக்கா மேசையிலிருந்த தாளை எடுத்து நாலாக மடித்தார். எழும்பினார். என் முகத்தை, புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல, நன்றாகப் பார்த்தார்.

"இந்தக் கோவத்தை அண்டைக்குப் பேர்ணில, அந்தக் குசினிக்க நிண்டு கோவிச்சிருந்தா, நான் அந்த ஊரைப் பாத்திருப்பன்" என்றார்.

பிறகு படியிறங்கிப் போனார்.